அண்ணன் பட்டியில் ஐந்து மாடு

மாட்டுப்பட்டியின் தகரக் கதவைத் தள்ளித் திறந்து அண்ணன் என்னை உள்ளே கூப்பிட்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

"வாங்க டீச்சர், வாங்க. பாத்து, வழுக்கும். இன்னைக்கு நீங்க எனக்குத் தங்கச்சி இல்ல. கவர்மெண்டு!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் கழுத்தில் விவசாயக் கணக்கெடுப்பு அட்டை. கையில் அதற்கென்று கொடுத்த டெப். அதன் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், தானே எதையாவது அமுக்கிவிடும். முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு அது. நான் பிறந்த லயம், தொழிலாளர் வரிசை வீடு. என் அண்ணன் சவரிமுத்து இன்னமும் அங்கேதான், கடைசி அறையான தொங்கல் காம்பிராவில் இருக்கிறார். நான் பண்டாரவளையில் வீடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணக்கெடுப்பு வந்தபோது எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் சிலரை அதற்கு எடுத்தார்கள். நானே வாய்விட்டுக் கேட்டுத்தான் அந்த மேல்பிரிவை வாங்கினேன். "எனக்கு அங்க வழி தெரியும்" என்று காரணம் சொன்னேன். வழி யாருக்குத்தான் தெரியாது? அந்த அட்டையை மாட்டிக்கொண்டு அந்த லயத்து வாசலில் ஒருதரம் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

"இந்த வீட்டில் வளர்க்கப்படும் மாடுகள் எத்தனை?" என்று வாசித்தேன். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்பது விதி.

"அஞ்சு," என்றார் அண்ணன், வெளியே நின்ற பெண்களுக்கும் கேட்கிற மாதிரி. "எல்லாம் நம்மது. சொந்த மாடு. அதையும் சேத்து எழுதிக்க பாப்பா."

சொந்தமா என்று நான் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கும்? ஐந்து என்று அமுக்கினேன். வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்துவைத்தேன்.

மலைக்குப் போன கோழி

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இத்தனை வாரமாகப் பள்ளிக்கூடக் கதைகளாக எழுதி வருகிறேன். இந்தக் கணக்கெடுப்புக் கதையை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் வேறு எதையாவது எழுதிவிடுவேன். இந்த வாரம் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பாருங்கள், கோழியைப் பற்றித்தான் முதலில் வருகிறது.

பதுளையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நாட்டில் எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு பால் என்று பெரிய பெரிய எண்களைப் பேப்பரில் பார்க்கிறோமே, அதெல்லாம் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். யாராவது ஒருவர் சேற்றில் கால் வைத்துப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்க வேண்டுமாம். பிறகு ஒரு மேற்பார்வையாளர் அதைச் சரிபார்ப்பார். பிரிவுகளைக் கூட்டினால் பிரதேசம், பிரதேசங்களைக் கூட்டினால் மாவட்டம். கீழே ஒரு ஆடு தப்பினால் மேலேயும் அது தப்பித்தான் போகும்.

கேட்பது லேசு என்று நினைக்காதீர்கள். "உங்க காணி எவ்வளவு?" என்று ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"காணியா? நமக்கு ஏதுங்க டீச்சர் காணி?" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் போஞ்சிக் கொடி குச்சியில் ஏறி நிற்கிறது. கோவா என்கிற முட்டைக்கோஸ் சுருண்டு வருகிறது. லீக்ஸ் இரண்டு பாத்தி. நிலம் தோட்டத்துடையது, அவர் வைத்த பயிர் மட்டும் அவருடையது. காணி எங்கே என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? யார் பயிர் செய்கிறார்களோ அவர்கள் பேரில் எழுதலாம் என்பது விதி. அதைச் சொல்லிப் புரியவைத்து, பாத்தியைச் சுற்றி நடந்து அளந்து எழுதினேன். பூமியை ஒட்டியே பிழைக்கிறவர்களிடம் போய் உனக்குப் பூமி இருக்கிறதா என்று கேட்கிற வேலை நாக்கைக் கூசவைக்கிறது.

இன்னொரு வீட்டில் கோழி எத்தனை என்று கேட்டால், "பகல்ல வந்து கோழிய எண்ணச் சொன்னா எப்புடி? அதெல்லாம் மலைக்குப் போயிருச்சு" என்றார் ஒரு பெரியவர். "வேலைக்குப் பேரு போட்டு அனுப்பினீங்களா?" என்று கேட்டேன். "பேரு போட்டா அரைப்பேரு குடுக்கிறாங்க டீச்சர்!" என்று அரை நாள் சம்பளத்தைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் லயமே எட்டிப் பார்த்தது.

சிரிப்புக்கு அடியில் பயமும் இருந்தது. மாட்டை எழுதிக்கொண்டு போய்த் தோட்ட ஆபீஸில் கொடுத்தால், பட்டியைப் பிரிக்கச் சொல்வார்களோ என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். சில வீடுகளில் என் தலையைக் கண்டதும் ஆட்டைத் தேயிலைக்குள் ஓட்டிவிட்டார்கள். நான் டீச்சர் அல்லவா, விடுவேனா? இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பாடம் நடத்தினேன்.

"இது கணக்கு மட்டுந்தான். யாரு பேரும் வெளிய போகாது. நான் எழுதுறதுனால உங்களுக்கு ஒரு கோழி கூடவும் செய்யாது, ஒரு கோழி குறையவும் செய்யாது. என்னை நம்பலையா?"

நம்பினார்கள். சவரிமுத்து தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆட்டைத் திரும்பவும் ஓட்டி வந்து காட்டினார்கள்.

சாணி வாசம்

எங்கள் அப்பா அந்தத் தோட்டத்தின் மாட்டுக்காரர். துரை பங்களாவுக்குப் பாலும், பூந்தோட்டத்துக்குச் சாணியும் அவர் பொறுப்பு. வீட்டில் எங்களுக்கு மாடு கிடையாது. ஆனால் வீடு முழுக்க மாட்டு வாசம் மட்டும் இருக்கும்.

பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பிய முதல் வருஷம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். டவுன் பிள்ளை. கெட்டவள் இல்லை, வாசம் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழாயில் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் நின்று சவர்க்காரம் கரையக் கரைய உடம்பைத் தேய்த்தேன். அம்மா திட்டினார். ஏன் என்று நான் சொல்லவில்லை. அப்பா தூக்க வந்தால் ஓடிப் போவேன். அதையும் ஏன் என்று சொன்னதில்லை.

அப்பா தவறிப்போனபோது அண்ணனுக்கு வேலைக்குப் பெயர் பதிகிற வயசுகூட சரியாக வரவில்லை. படிப்பை விட்டுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போனார். வேலை முடிந்து வந்து புல் அறுத்துக் கட்டு கட்டாக விற்றார். என்னை ஏ.எல். வரைக்கும் படிக்கவைத்தது அந்தப் புல்தான். என் பிள்ளைகள் கேட்கிறபோதெல்லாம் இதை நான் சொல்லிக்கொள்வேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அண்ணன் ஒரு மாடு வாங்கினார். அது கன்று போட்டுப் பெருகியது. பால் லொறிக்கு ஊற்றுகிறவர்களில் அண்ணன்தான் பெரிய கை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சின்ன வயசில் எந்த வாசத்துக்கு ஒளிந்தேனோ, அதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பெருமை பேச ஆரம்பித்தேன். "எங்க அண்ணனுக்கு அஞ்சு மாடு இருக்கு" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இரண்டு இடத்தில் ஒரே மாடு

எண்ணி முடித்து ஒரு வாரம் இருக்கும். மேற்பார்வையாளர் ரத்நாயக்க சேர் போன் எடுத்தார். நல்ல மனிதர். மட்டக்களப்புப் பக்கம் வேலை பார்த்துப் பழகிய தமிழில் மெதுவாகப் பேசுவார்.

"டீச்சர், ஒரு சின்னப் பிரச்சினை வந்திருக்கு. பண்டாரவளையில ஒரு மரக்கறி முதலாளி, தனக்கு அஞ்சு மாடு இருக்குன்னு சொல்லியிருக்கார். எங்கன்னு கேட்டா, தெமோதரையில சவரிமுத்துகிட்ட நிக்குதுன்னு சொல்றார். நீங்களும் சவரிமுத்துன்னு அஞ்சு போட்டிருக்கீங்க. ஒரே மாடு ரெண்டு தரம் வந்திருக்கு போல."

"இருக்காது சேர்," என்றேன் பட்டென்று. "அது எங்க அண்ணன். அவருக்கு எல்லாம் சொந்த மாடு."

"ஓ, அண்ணனா?" என்றார். "பரவாயில்ல. நாளைக்கு நானும் வாறேன். போய்ப் பார்ப்போம்."

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். கேட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். "என்ன பாப்பா?" என்று அவர் குரல் வந்ததும், மழை எப்படி, அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி என்று விசாரித்தேன். நாளைக்கு சேரோடு வருகிறேன் என்று சொன்னேன். "வாங்க, வாங்க, அவருக்கும் காட்டுவோம்" என்றார் உற்சாகமாக. மாடு உங்களுடையதுதானா அண்ணே என்ற ஒரு கேள்வி எனக்கு வாயில் வரவில்லை.

மறுநாள் போனோம். பீலியில் தண்ணீர் பிடிக்கிற நேரம். லயத்துப் பெண்கள் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். சேர் ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவர். வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

"சவரிமுத்து, இந்த மாடு யார்டது?"

"நம்மதுங்க சேர்."

"அப்ப சுப்பையா முதலாளின்னு பண்டாரவளையில மரக்கறிக் கடை வச்சிருக்கார், அவரோட மாடு எது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்த்திருக்கக் கூடாது, தலையைக் குனிந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டேன். அறுபதை நெருங்குகிற மனிதர், அடி வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். பீலியில் ஒரு பெண் வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரம்ங்க," என்றார் கடைசியில். யாருக்கும் கேட்கவில்லை. சேர் "என்ன?" என்று மறுபடி கேட்டார். அண்ணன் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. "வார மாடுங்க சேர். முதலாளியோடது. நான் வளக்கிறேன்."

வாரம் என்றால் டவுனில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. மாடு ஒருவருடையது, வளர்க்கிறது இன்னொருவர். புல்லும் பாடும் வளர்க்கிறவருடையது. பாலை ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். கன்றுகளில் தலைக்கன்று மாட்டின் சொந்தக்காரருக்கு, அடுத்தது வளர்க்கிறவருக்கு என்று மாறி மாறிப் போகும். எங்கள் பக்கம் பாதி மாடு அப்படித்தான் நிற்கிறது. அதில் ஒரு கேவலமும் இல்லை. சொந்தம் என்று சொன்னதுதான் கேவலமாகிவிட்டது.

சேர் அதைக் கேட்டு முகம் மலர்ந்துவிட்டார். அவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. "அப்ப சரி! யார்டதுன்னு நமக்குத் தேவை இல்ல. எங்க கட்டியிருக்கோ, யார் வளர்க்கிறாங்களோ, அங்கதான் எண்ணுறது. சவரிமுத்துக்கு அஞ்சு. அது இருக்கட்டும். முதலாளிடதுல அழிக்கிறது." டெப்பில் ஏதோ அமுக்கிவிட்டு, அண்ணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். சீனி நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அண்ணனுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால், நிஜத்தைச் சொல்கிறேன், முதலில் எனக்காகத்தான். ஸ்டாஃப் ரூமில் சொன்னது, சேரிடம் "எல்லாம் சொந்த மாடு" என்று போனில் வெட்டிப் பேசியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

சேர் கீழே இறங்கிப் போனதும் பட்டிக்குள் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணே எங்கிட்டகூட சொல்லல?"

அவர் ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். கருப்பி என்று பெயர், நிறை சினை, வயிறு பக்கவாட்டில் புடைத்து நின்றது.

"ஒங்க அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தப்ப நம்ம மாட்டையெல்லாம் வித்தாச்சு பாப்பா. அப்ப நீ வீடு கட்டிக்கிட்டு இருந்த. ஒங்கிட்ட எப்புடிக் கேக்கிறது? இது பூராவும் முதலாளி விட்டது. இவ வயித்துல இருக்கிறது மட்டும் என்னோட மொறை. அது கிடேரியாப் போட்டா, அதை வச்சித் திரும்ப ஆரம்பிச்சிடலாம்னு பாத்தேன்."

"அதுக்கு ஏன் சொந்தம்னு சொன்னீங்க?"

"டீச்சரத் தங்கச்சியா வச்சிக்கிட்டு இவன் வார மாடு மேய்க்கிறான்னு நாலு பேரு சொன்னா, ஒனக்குத்தானே அசிங்கம்."

பொல்லாத கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

கவர்மெண்டு எழுத்து

அதோடு போயிருந்தால் இந்தக் கதையை நான் எழுதவே மாட்டேன். போகவில்லை.

மறுநாள் காலையில் பால் ஊற்றுகிற இடத்தில் யாரோ அண்ணனைச் சீண்டியிருக்கிறார்கள். "என்னா சவரி, எல்லாம் வார மாடாமுல்ல?" என்று. எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விடுவார்களா? நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வாரமோ சொந்தமோ, கவர்மெண்டு எம் பேருல எழுதியாச்சு. முதலாளி பேருல இருந்ததை அழிச்சிப்புட்டாங்க. என் தங்கச்சி கூட நின்னுச்சு, போயி கேட்டுப் பாரு."

பால் லொறி அங்கேயிருந்து பண்டாரவளைக்குத்தான் போகிறது. பாலோடு இந்தப் பேச்சும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கே முதலாளி அண்ணனுக்குப் போன் எடுத்து, மாட்டை ஏற்ற லொறி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். அண்ணி எனக்கு அழுதுகொண்டே சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக முதலாளி கடைக்குப் போனேன். மாடு போய்விட்டால் அந்த வீட்டில் பால் காசும் இல்லை, கன்றும் இல்லை. எப்படியாவது பேசி நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

மரக்கறி மூட்டை இறக்குகிற நேரம். கடை நிறைய ஆள். முதலாளி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க டீச்சர். எண்ணுறதுக்குத்தானே ஒங்கள அனுப்புனாங்க? எம் மாட்டைத் தூக்கி அண்ணன் பேருக்குப் போட்டுட்டீங்களாமே!"

மூட்டை தூக்கியவர்கள் நின்று பார்த்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா ஒருவர் கையில் கோவாவை வைத்துக்கொண்டு, என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதலாளி, இது சொந்தக்காரர் யாருன்னு எழுதுறது இல்ல. கணக்கு மட்டுந்தான். ரெண்டு தடவை எண்ணக்கூடாதுன்னு ஒரு எடத்துல எடுத்தாங்க. மாடு ஒங்க மாடுதான். யாரும் இல்லைன்னு சொல்லல."

"அப்ப எங்கிட்ட இருந்ததை ஏன் அழிச்சாங்க?"

"மாடு அங்க நிக்குது, அதனால."

"எங்கிட்ட அழிச்சிருக்கு. அவங்கிட்ட இருக்கு. நாளைக்கு அவன் இல்லைன்னு சொன்னா நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது? நான் படிக்காதவன் டீச்சர். எழுத்து மாறினா சொத்து மாறும்னு மட்டும் எனக்குத் தெரியும்."

ரத்நாயக்க சேருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். சேர் பொறுமையாகச் சிங்களத்திலும் தமிழிலும் விளக்கினார். முதலாளி எல்லாவற்றுக்கும் "சரி சேர், சரி சேர்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "லொறிக்குச் சொல்லியாச்சு" என்றார்.

அவர் மேல் எனக்கு அப்போது ஆத்திரம். இப்போது யோசித்தால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. எழுதினால் பட்டி போய்விடுமோ என்று லயத்தில் பயந்தார்கள். எழுதினால் மாடு போய்விடுமோ என்று இவர் பயந்தார். இந்த மலையில் எழுத்து யாருக்கு எப்போது நல்லது செய்தது, அவர்கள் நம்புவதற்கு?

லொறி

லொறி லயம் வரைக்கும் ஏறாது. தேயிலை ஏற்றுகிற ரோட்டில் நின்றது. முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மாடுகள் காலை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. ஒருவன் கம்பை எடுத்தான்.

"அடிக்காதீங்க," என்று அண்ணன் ஓடி வந்தார். "நானே ஏத்தி விடுறேன்."

ஒவ்வொன்றாக அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் இவர் நடக்க, பின்னால் அது வந்தது. பலகையில் கால் வைக்கத் தயங்கியபோது காதில் ஏதோ சொன்னார். ஏறிக்கொண்டது. கருப்பியைக் கடைசியாக ஏற்றினார். அவளுக்குக் கீழே வைக்கோல் போட்டார். டிரைவரிடம் போய், "தம்பி, இவ இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடுவா. பள்ளத்துல பாத்துப் போங்க" என்றார்.

நான் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "அண்ணே, அந்தக் கன்னு உங்க மொறைதானே? அதையாவது கேளுங்க."

"எந்த மூஞ்சியோட கேக்கிறது?" என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

லயத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. லொறி திரும்பியதும், போஞ்சி வைத்திருந்த அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"டீச்சர், எங்க ஆட்டை அழிச்சிடுங்க."

"அக்கா, அது வேற..."

"இல்லைங்க, அழிச்சிடுங்க. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல. எங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவர் பின்னால் இன்னும் சிலர். கோழியை அழிக்கச் சொன்னார் பெரியவர், சிரிக்காமல். ஒரு கோழிகூடக் குறையாது என்று இதே இஸ்தோப்பில் நின்று சொன்னவள் நான்.

சேரிடம் கேட்டேன். மாடு இப்போது அங்கே இல்லை, மாற்ற முடியுமா என்று. "எண்ணின அன்னைக்கு இருந்ததுதானே டீச்சர்? அப்ப இருக்கு" என்றார். அவர் சொல்வது சரி. பதுளை மாவட்டக் கணக்கில் என் அண்ணனுக்கு இன்றைக்கும் ஐந்து மாடு.

சொல்ல முடியாதது

பட்டி இப்போது வெறுமையாக இருக்கிறது. அண்ணன் தகரத்தைக்கூடக் கழற்றவில்லை. தோட்டத்தில் அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற கைக்காசு வேலைக்குப் போகிறார். நான் மாதாமாதம் ஏதாவது கொடுக்கப் போனால் அண்ணி வாங்கிக்கொள்வார், அண்ணன் வெளியே போய்விடுவார்.

லொறி போய்ச் சில நாள் கழித்து அவரே எனக்குப் போன் எடுத்தார். அவராக எடுக்கிறவர் இல்லை.

"பாப்பா, கருப்பி இந்நேரம் கன்னு போட்டிருக்கும். நீ அந்தப் பக்கந்தானே கோயிலுக்குப் போற. கிடேரியா காளையான்னு கேட்டுச் சொல்றியா? எனக்குக் கன்னு வேணாம். சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயிலுக்கு நான் போகிற வழியில்தான் முதலாளி கடை. அந்த வாரத்திலிருந்து நான் மேல்வழியாக, படிக்கட்டு ஏறிப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால், அந்தப் பிள்ளையின் அம்மா மாதிரி யாராவது நிற்கும்போது, போய் நின்று கன்றைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்றுதானே முதலாளி நினைப்பார்? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என்ன பாவம் என்று சாமியார் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வெட்கப்படுவது பாவக் கணக்கில் வராது.

"கேட்டியா பாப்பா?" என்று அண்ணன் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் மறந்துவிட்டேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மறுபடி போன் வந்தது.

"கடை மூடியிருந்துச்சுண்ணே," என்றேன்.



"அந்த ஆளு ஞாயித்துக்கிழமையும் தொறப்பானே," என்றார் அண்ணன். பிறகு, "சரி பாப்பா, விடு" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் கேட்கவில்லை.